சுகந்திக்கு நான் சொன்ன பெட்டி

வேண்டுமென்றே தவறான பெட்டியை வாங்கச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. வாய் தவறியும் சொல்லவில்லை. எது சரி என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதை விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னேன்.

இதை உங்களிடம் சொல்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை...

நான் திருச்சிக்காரன். ஆக்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பகலில் மென்பொருள் சோதிக்கிற வேலை, மிச்ச நேரமெல்லாம் எலக்ட்ரானிக் இசை. கிளென்ஃபீல்டில் என் வீட்டின் ஓர் அறை முழுக்கக் கருவிகள்தான். தாளம் போடும் பெட்டி, அதாவது டிரம் மெஷின் மட்டும் ஆறு இருக்கிறது. வாங்காத பெட்டி இல்லை. முடித்த பாட்டு? ஒன்றுகூட இல்லை! எல்லாம் பிரமாதமாக ஆரம்பிக்கும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். அடுத்த பெட்டி வந்தால் சரியாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு அடுத்ததை வாங்குவேன்.

ஆனால் கருவிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஒரு சமூகக்கூடத்தின் பின்னறையில் எங்கள் கூட்டம் நடக்கும். யாழ்ப்பாணம், தமிழ்நாடு, மலேசியா எல்லாம் கலந்து ஏழெட்டுப் பேர். ஆளுக்குப் பத்து நிமிடம், தாங்கள் செய்ததைப் போட்டுக் காட்ட வேண்டும். முடிந்ததும் கைதட்டக் கூடாது. சுற்றி இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்ல வேண்டும். அந்த விதியை ஏற்படுத்தியவன் நான்தான். குறை சொல்வதில் எனக்கு இணை கிடையாது.

அங்கேதான் சுகந்தி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவள், ஹில்ஸ்பரோவில் வீடு. ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. கையில் ஒரு போன், அதில் இலவசமாகக் கிடைக்கிற ஏதோ ஒரு டிரம் செயலி. அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது.

போனை மேசையில் வைத்து இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தாள். தகிட தகதிமி... தகிட தகதிமி... ஏழு எண்ணிக்கை. வேலையிடத்தில் பொட்டலத்தின் வாயை ஒட்டுகிற இயந்திரம் நாள் முழுக்க இப்படித்தான் அடிக்கிறதாம். மற்றவர்கள் காதை அடைத்துக்கொள்கிறார்கள், இவள் அதற்குள்ளே வேறு வேறு தாளங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரத்தைக் கழிக்கிறாள். அந்த மலிவான போனின் தகரச் சத்தத்தில், கனமும் இடைவெளியும் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த நொடி வயிறு எரிந்தது. பொறாமை என்று சொல்லிவிடுகிறேனே, அழகான பெயர் எதற்கு?

கூட்டம் முடிந்து நான் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஒழுங்கா செய்யோணும் எண்டு ஆசையாக் கிடக்கு. லேப்டாப்பில சாஃப்ட்வேர் போட்டுச் செய்யிறதோ, இல்லாட்டி ஒரு மெஷின் வாங்கிறதோ? ரெண்டும் வாங்க ஏலாது. நீங்கள் சொன்னாக் காணும்."

சொன்னால் போதும் என்கிறாள்! எனக்கு விடை தெரியும். அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. ஏழோ ஐந்தோ ஒன்பதோ, எந்த எண்ணிக்கைக்கும் வளைந்து கொடுக்கிற ஒரு மென்பொருள், விரலால் தட்டுவதற்கு ரப்பர் சதுரங்கள் பதித்த ஒரு சிறிய பலகை. இவ்வளவுதான் வேண்டும். அடித்ததை அப்படியே பதியலாம், பிசகினால் திருத்தலாம், எத்தனை வேண்டுமானாலும் சேமிக்கலாம். புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். அவளுடைய விரலுக்கென்றே செய்து வைத்தது போன்ற வழி அது.

"லேப்டாப் வேணாங்க," என்றேன். "அது உயிரை எடுத்துடும். நீங்க பெட்டி வாங்குங்க."

எந்தப் பெட்டி என்றும் சொன்னேன். என்னிடம் இருந்த ஆறில் நான் தொடவே தொடாத பழைய மாடல். விரலால் தட்டிப் பதிய வழியில்லை. ஒரு பக்கத்துக்குப் பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று பொத்தானை அழுத்திவிட்டுப் போக வேண்டியதுதான். பதினாறைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இப்படி எட்டுப் பக்கங்கள் அடுத்தடுத்து ஓடும், அதற்கு மேல் அதன் நினைவு தாங்காது. ஏழில் யோசிக்கிற ஒருத்திக்கு அதைவிட மோசமான பெட்டி உலகத்தில் கிடையாது.

அவள் பெட்டியின் பெயரை எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆம், நிம்மதியாக!

அடுத்த மாதம் அவள் வரவில்லை. பெட்டி வாங்கிவிட்டாள், மல்லுக்கட்டுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பாவமாக இருந்தது என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அது உண்மையில்லை.

அதற்கடுத்த மாதம் வந்தாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தொழிற்சாலை அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த பெரிய மடல். மடல் முழுக்கப் பேனாவால் கட்டங்கள். ஒரு வரிக்குப் பதினாறு, அப்படி ஏழு வரிகள். மேல் வரியில் ஏழு எண்ணி, மீதியை அடுத்த வரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு... இப்படியே கடைசிவரை நிரப்பியிருந்தாள்.

"பதினாறுக்குள்ள ஏழு அடங்கேல்லை அண்ணா," என்றாள். "பிறகு யோசிச்சன், ஏன் அடங்கோணும்? வழியட்டும் எண்டு விட்டன். ஏழு பக்கம் வழிஞ்சு முடிய எல்லாம் ஒண்டாச் சேருது."

ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு. பதினாறு ஏழும் நூற்றுப் பன்னிரண்டு. எட்டுப் பக்கம் தாங்கும் பெட்டியில் அவளுக்கு ஏழு பக்கமே போதுமாக இருந்தது. எத்தனையோ வருடம் அந்தப் பெட்டியை வைத்திருந்த எனக்கு இந்தக் கணக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கணக்குப் போடத் தெரியாமலா? அதனுடன் உட்கார எனக்குப் பொறுமை இல்லை, அதுதான் காரணம்.

பொத்தானை அழுத்தினாள்.

கீழே கனத்த அடி நாலு நாலாக நேராக நடந்தது, எந்த நடன அரங்கிலும் கேட்கிற அதே நடை. அதன் மேலே அவளுடைய ஏழு சரிந்துகொண்டே போனது. முதல் பக்கத்தில் அடியோடு சேர்ந்து புறப்பட்டது, இரண்டாவதில் கொஞ்சம் விலகியது, நாலாவதில் எங்கேயோ காணாமல் போய்விட்டது போலிருந்தது. என் கால் நாலில் தட்டியது, தலை ஏழில் ஆடியது. இனி இது சேராது, பிசகிவிட்டாள் என்று நான் நினைத்த இடத்தில் ஏழாவது பக்கம் முடிந்து இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன... அட! ஒரு பெண், அட்டையில் கோடு கிழித்து, எதற்கும் உதவாது என்று நான் ஒதுக்கிய பெட்டியில் இதைச் செய்திருந்தாள். நான் சொல்ல மறைத்த மென்பொருளில் செய்திருந்தால் ஏழு என்று குறித்துவிட்டு ஏழிலேயே ஓட்டியிருப்பாள். அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இந்தச் சரிவும் இந்தச் சேர்க்கையும் வந்திருக்காது.

முடிந்ததும் விதிப்படி குறை சொல்லும் படலம். முதல் ஆள் குறை இல்லை என்று தலையை ஆட்டினார். அடுத்தவரும் அப்படியே. என் முறை வந்தது. குறை ஒன்று இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன்... "ஒண்ணும் இல்லை" என்று சொன்னேன்.

"அண்ணா சொல்லித்தான் இந்த மெஷினை வாங்கினனான்," என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். அன்றைக்கு முதல்முறையாக விதியை மீறிக் கைதட்டினார்கள். பாதிக் கைதட்டல் என் பக்கம் திரும்பியது. நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் ஏறுமுகம்தான். கோடைக்காலத்தில் ஒரு பூங்கா மேடையில் வாசித்தாள். தமிழே தெரியாத கூட்டம் புல்லில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடியது. அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லும் அவளுடைய மகள், எல்லோருக்கும் முன்னால் நின்று ஆடினாள். நானும் ஆடினேன். மனதார ஆடினேன், அதை நம்புங்கள். அவளுடைய தாளத்தைக் கேட்கும்போது என் பொறாமை எங்கே போகிறது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தனியாக இருக்கும்போது வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

புதிதாக வருகிறவர்கள் இப்போது என்னைக் கேட்பதில்லை, அவளைக் கேட்கிறார்கள். அவளோ கண்ணை மூடிக்கொண்டு அதே பெட்டியைச் சொல்கிறாள். அண்ணா எனக்குச் சொன்னது, உங்களுக்கும் அதுதான் நல்லது என்கிறாள். மெர்லின் என்று ஒரு நர்ஸ், நாகர்கோவில்காரி, ஆசையாக வந்தார். அதே பெட்டியை வாங்கினார். மூன்று மாதம் போராடிவிட்டு, தனக்கு இசை ஞானமே இல்லை போலிருக்கிறது என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பிறகு வரவில்லை. அவருக்கு ஞானம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள நான் வழி விடவில்லையே!

போன மாதம் சுகந்தி அதே பின்னறையில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினாள். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாதியில் என்னை முன்னால் அழைத்தாள். இத்தனை கருவி இருக்கும்போது எனக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், இவர்களுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

எழுந்து போனேன். இதோ சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"எல்லாம் செய்ய முடியுற கருவி நம்மள சோம்பேறியாக்கிடும். கட்டுப்பாடு இருந்தாத்தான் திறமை வெளிய வரும். அன்னிக்கு இவங்க தட்டினதைக் கேட்டதும், இவங்களுக்கு இதுதான்னு தோணிச்சு."

சரளமாக வந்தது. சுகந்தி தலையைக் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் விஷயத்தில் அந்தக் கருத்து உண்மையாகவே நடந்துவிட்டது, அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. கருத்து உண்மை. அன்றைக்கு அப்படித் தோன்றியது என்று சொன்னேனே, அது பொய்.

வகுப்பு முடிந்து கார் நிறுத்துமிடத்தில் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"ஒண்டு சொல்லோணும் அண்ணா. இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் எல்லாரும் எனக்கு லேசான வேலையாத்தான் பாத்துத் தந்தவை. இவளுக்கு இவ்வளவுதான் ஏலும் எண்டு. கஷ்டமானதைக் கையில தந்து, உன்னால ஏலும் எண்டு நினைச்ச முதல் ஆள் நீங்கள்தான்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். அந்த முதல் ஆளை அவளிடமிருந்து பிடுங்குவதா? இல்லை, அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்பது நான் கண்டுபிடித்த இன்னொரு சாக்கா? இரண்டுமாகவும் இருக்கலாம்...

"பரவாயில்ல சுகந்தி," என்றேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் நாலு பேர் அதே பெட்டியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். பழைய பெட்டி என்பதால் வாங்குவதற்கு முன் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டுமாம். அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரைவிட நம்பிக்கையான ஆள் இல்லை என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.