ஸ்டாலின்கிராட் வருமுன் பாடி முடி

எங்கள் கல்லூரிப் பெண்களின் பாட்டுக் குழுவுக்கு வாத்தியம் கிடையாது. ஐந்து பெண்கள், ஐந்து தொண்டைகள், அவ்வளவுதான். ஆறாவதாகச் சேர நான் நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். தலைவி, கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அக்கா. மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் அவருடைய வாடகை அறையில்தான் பயிற்சி. கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையில் இடித்தால், அன்றைக்கு நன்றாகப் பாடியிருக்கிறோம் என்று அர்த்தம்.

சேருவதற்கு ஒரு சடங்கு உண்டு. லா சப்பலில் மெத்ரோ ரயில் ஏறி, கதவு சாத்தியதும் புதியவள் தனியே பாடத் தொடங்கவேண்டும். அடுத்த நிறுத்தமான ஸ்டாலின்கிராட்டில் கதவு திறக்குமுன் முடிக்கவேண்டும். மற்றவர்கள் அதே பெட்டியில் அவளை முன்பின் தெரியாதவர்கள்போல் நிற்பார்கள். யாராவது உதவினால் பாட்டு செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவதி யாரென்று இன்றுவரை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் இதெல்லாம் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை நான் புள்ளிவிபரவியல் மேலதிக வகுப்பில் இருந்தேன். பாட்டென்று திரிந்தால் படிப்பு போய்விடும் என்பது அவர் கட்சி. ஆகவே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் சாதகம். பயிற்சியில் எனக்குக் கிடைத்தது கீழ்க்குரல். மற்றவர்கள் மெட்டைப் பாட, நான் அடியில் ம்ம், ஓஓ என்று தாங்கிக்கொண்டிருக்கவேண்டும். தனியே கேட்டால் வயிற்றுவலிக்காரி முனகுவதுபோல் இருக்கும். சடங்கிலோ மெட்டைத்தான் பாடவேண்டும்.

அம்மா லா சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஸ்டாலின்கிராட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு எப்போதும் நடந்தே வருவார். என் சடங்கு நாளில் பார்த்து மழை. கதவு சாத்தும் நேரம் இரண்டு பைகளோடு எங்கள் பெட்டிக்குள் பாய்ந்து ஏறி, எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார்.

அக்கா கண்ணால் "ம்" என்றார். வாயை மூடினால் குழு இல்லை, திறந்தால் வீடு இல்லை. திறந்தேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டாவது வரியிலேயே குரல் ஆட்டம் கண்டது. தோழிகள் மும்முரமாக விளம்பரங்களை வாசித்தார்கள், பாவிகள். மூன்றாவது வரியில் காற்றுத்தான் வந்தது. அப்போது எதிர் இருக்கையிலிருந்து கீழ்க்குரல் எழுந்தது. ம்ம், ஓஓ. நான் தடுமாறும் இடத்தில்கூட அம்மா தடுமாறவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிவரை போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்தது.

நடைமேடையில் இறங்கியதும் அம்மா தொடங்கினார். "தண்ணியைத் திறந்துவிட்டா எனக்குக் கேக்காதெண்டு நினைச்சியோ? நீ முனகிறதைக் கேட்டு, உனக்கு என்ன வருத்தமோ எண்டு எத்தினை நாள் கதவடியிலை நிண்டனான். இண்டைக்குத்தான் அது பாட்டெண்டே விளங்கினது."

அதற்குள் அக்கா குறுக்கே வந்தார். என்னிடம், "உதவி கிடைச்சிருச்சும்மா, செல்லாது. அடுத்த வாரம் திரும்பப் பாடு" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க ஃப்ரீயா?"

"வெள்ளி எனக்குக் கோயில். சனியெண்டா வருவன்."

வெள்ளிக்கிழமைப் பயிற்சி அங்கேயே சனிக்கிழமைக்கு மாறியது. எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது, மறைக்கமாட்டேன். பைகளை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கிய அம்மா, என் முகத்தைப் பார்த்து இரங்கினார்.

"நல்ல பிள்ளையள். உன்னையும் எடுப்பினம், நான் சொல்லிப் பாக்கிறன்."