அடுப்பில் காட்டிய தார்

என் சித்தப்பா மகள் துபாயில் ஓர் ஈரானியரைக் கல்யாணம் முடித்துக்கொண்டு கண்டிக்கு வந்து இறங்கியபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்றுதான் எல்லோரும் கேட்டோம். தார் வாசிப்பார் என்றாள். எங்களுக்குத் தெரிந்த தார் ரோட்டுக்குப் போடுவது. பிறகு மச்சான் உறையைக் கழற்றிக் காட்டினார். ஒட்டிப் பிறந்த இரண்டு மரக்குடங்கள், அவற்றின் வாயில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், நீளக் கழுத்து, ஆறு கம்பி. கூடவே சேதார் என்று இன்னொன்றும் வைத்திருந்தார். அது முழுக்க மரம், அளவில் சின்னது. தாரின் சத்தம் மண்டபத்தின் கடைசி வரிசைவரை போகும். சேதாரின் சத்தம் வாசிப்பவரின் மடியைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

மச்சான் தமிழை என் தங்கச்சியிடம்தான் படித்தார். அவள் அவரை "வாங்க, உட்காருங்க" என்றே பேசியதால், அதைத் தவிர வேறு தமிழ் இருப்பது அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டு நாயிடமும் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பார். எனக்குக் கிடைக்காத மரியாதை அந்த நாய்க்குக் கிடைத்தது.

இப்படிப்பட்ட மனிதரைக் கண்டி நகரம் இரண்டு வருடம் பாடாய்ப் படுத்தியது. கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். ஒரு கல்யாணத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தன் ஊர்ச் சோகத்தை வாசிக்க, பெண்ணின் அம்மா அழ, அதைப் பார்த்துப் பெண்ணும் அழ, பெண்ணுக்கு மேக்கப் போட்டுவிட்ட பார்லர்காரம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். நான்தானே அவருக்கு மனேஜர். மற்ற நேரத்தில் நான் டவுனில் கொப்பி, பேனா விற்கிற கடைக்காரன்.

துபாயில் மச்சானின் அண்ணன் கம்பளக் கடை வைத்திருந்தார். வருட முடிவுக்குள் ஒரு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் அங்கே போய்க் கம்பளம் விற்பது என்று புருசனும் பொண்டாட்டியும் பேசி முடித்துவிட்டார்கள். தங்கச்சி இங்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்து சந்தோசமாக இருந்தாள். இரண்டு பேருக்கும் போக மனமில்லை. எனக்கும் அவர்களை அனுப்ப மனமில்லை.

டிசம்பரில் ஒரு வழி பிறந்தது. ஹுன்னஸ்கிரிய பக்கம் மலைமேல் இருக்கும் ஒரு ஹோட்டலுக்கு நான் பில் புத்தகம் அடித்துக் கொடுப்பேன். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் லொபியில் வாசிக்க ஆள் தேடுவதாக அதன் மனேஜர் சொன்னார். நாலு மணிக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு வாத்தியத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மேலே ஒரே பனிமூட்டம். மச்சான் தாரை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினார். தோல் ஈரத்தில் தொய்ந்து, நனைந்த கார்ட்போட் பெட்டியைத் தட்டிய சத்தம் வந்தது. ஹோட்டலில் ஹெயார் டிரையர் வாங்கி, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பச்சைப்பிள்ளைக்குத் தலை காயவைப்பதுபோல் மெதுவாகக் காட்டினார். மணி மூன்றரை. "முகம் கழுவிட்டு வாறேங்க" என்று எழுந்து போனார்.

எனக்குப் பொறுமை போதாது. என் தாய்மாமன் பன்வில தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். அம்மன் திருவிழாவில் மானாப்புல்லைக் கொளுத்தி, அந்தத் தப்பை நெருப்பில் காட்டிக் காட்டித் தோலை விறைக்க வைப்போம். அப்புறம் அடித்தால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். தோல் என்றால் தோல்தானே. தாரைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் குசினிக்குப் போய் விறகடுப்பில் காட்டினேன். தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன். பட்டென்று ஒரு சத்தம். தோல் குறுக்கே பிளந்து போனது.

அப்படியே செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். மச்சான் குசினி வாசலில் வந்து நின்றார். மாமா தப்பைக் காய்ச்சுவதுபோல்தான் காட்டினேன் என்று உளறினேன்.

"உங்க மாமா தப்பு என்ன தோலுங்க?" என்று கேட்டார்.

"மாட்டுத்தோலு."

"இது பொறந்த அன்னைக்கே செத்த ஆட்டுக்குட்டிங்க" என்றார்.

ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போய் சேதாரை எடுத்தார்.

லொபியில் அவர் உட்கார, பக்கத்துக் கதிரையில் நான் உட்கார்ந்தேன். சுட்டுவிரல் நகத்தால் அரை மணி நேரம் வாசித்தார். சுற்றி வெள்ளைக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். மனேஜர் கவுன்டரைவிட்டு நகரவே இல்லை. முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"முந்தி கீபோட் வாசிச்ச பெடியனால கெஸ்ட் ஒருத்தருக்கும் பேச ஏலாது. இவர் வாசிக்கிறதே தெரியல்ல. இதுதான் எங்களுக்கு வேணும். ஒண்ணாந்திகதியில இருந்து வரச் சொல்லுங்க."

வேனில் ஏறியதும் வேலை கிடைத்ததைச் சொன்னேன். மச்சான் உடனே தங்கச்சிக்குப் போன் எடுத்துப் பேசினார். மறுமுனையில் அவள் அழுவது எனக்கே கேட்டது. போனை வைத்ததும், "மனேஜருக்கு என்னாங்க பிடிச்சிச்சு?" என்று கேட்டார். அன்றைக்கு ஒரு பாவம் போதும் என்று நினைத்து உள்ளதைச் சொன்னேன்.

நாலைந்து வளைவு கழிந்தது.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களே," என்றார். "உங்களுக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு மச்சான்."

"அப்ப சரி. ஒரு ஆளுக்கு வாசிச்சிருக்கேன்."

அந்த அரை மணி நேரமும் என் காதில் இருந்தது தோல் கிழிந்த சத்தம் மட்டும்தான். அவர் வாசித்ததில் ஒரு சுரம்கூட என் மண்டைக்குள் போகவில்லை. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் கடையைப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு மலையேறுகிறேன், அதே கதிரையில் உட்கார்ந்து ஒழுங்காகக் கேட்கிறேன். இப்போது கொஞ்சம் புரிகிறது. யாராவது கெஸ்ட் அதிசயமாக எழுந்து வந்து பாராட்டினால், மச்சான் என் தோளில் கை போட்டு, முதல் நாளே கேட்ட ஆள் இவர் ஒருத்தர்தான் என்று அறிமுகப்படுத்துகிறார். நானும் தலையை ஆட்டிக் கை கொடுக்கிறேன்.