ஏழாவது கேள்வி: வீட்டுக்காரர் பெயர்

இன்றைக்கு, இடமில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் அந்த அறக்கட்டளைக்கு ஒன்பது கட்டடங்கள். லிஃப்ட் இருக்கிறது, ஆலோசகர்கள் இருக்கிறார்கள், வீடு கேட்டுக் கைபேசியிலேயே விண்ணப்பம் போட்டுவிடலாம். ஆனால் பாரம் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து, "அந்தக் காலத்துல எப்படி?" என்று கேட்டுவிட்டால் மனிதர் முதல் கட்டடத்தை விட்டு நகரமாட்டார். மற்ற எட்டும் அவருக்குப் பொருட்டே இல்லை.

விண்ணப்பத் தாளை வருகிறவர்கள் 'பாரம்' என்பார்கள். அதைக் கொடுத்து வாங்குவது இவர் வேலை, அதனால் பாரம் அண்ணன். "நான் தூக்குற பாரத்த எந்த மூட்டைக்காரனும் தூக்கமாட்டான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்கு முன் பதினாறு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். ஒரு கால்புள்ளி தப்பாது. அச்சகம் மூடியபோது, அங்கே நோட்டீஸ் அடிக்க வந்துபோய்க்கொண்டிருந்த நர்ஸம்மா, "எங்ககிட்ட வந்துடுங்க. சம்பளம் கம்மி, வேலை ஜாஸ்தி" என்றார். அவ்வளவு உண்மை பேசி யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை என்பதாலேயே போனாராம்.

நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவர். உடம்பு தேறியவர்கள் போக இடமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துத்தான் அறக்கட்டளையை ஆரம்பித்தார். கூட ஓர் எஞ்சினியர். சிடுமூஞ்சி, ஆனால் வேலையில் புலி. பாரம் அண்ணனோடு மூன்று பேரும் சேர்ந்து, மூடிக்கிடந்த ஒரு பிஸ்கட் கம்பெனியை வாங்கி, மாடிகளில் இருபத்திரண்டு வீடுகள் போட்டார்கள். வீடு என்றால் ஓர் அறைதான். ஒரு மூலையில் சமையல் மேடை, ஒரு ஜன்னல், உள்ளே தாழ்போட ஒரு கதவு. எலி வளையானாலும் தனி வளை இல்லையா! கீழ்த்தளத்தில் ஆபீஸ், சாமான் அறை, வாரம் ஒருநாள் டாக்டர் வந்து உட்கார ஒரு கூடம். வீட்டைக் கட்டிப் பார் என்று பழமொழி சொன்னவர் ஒரு குடும்பத்துக்குத்தான் கட்டியிருப்பார். இருபத்திரண்டு கட்டியிருந்தால் பழமொழி சொல்ல மூச்சு இருந்திருக்காது. சுவரைச் சுரண்டச் சுரண்ட வெண்ணெய் வாசனை வருமாம். அதைச் சொல்லும்போது பாரம் அண்ணன் இப்போதும் கண்ணை மூடிக்கொள்வார்.

விண்ணப்பத்தை எழுதியது அவரேதான். பன்னிரண்டு கேள்விகள். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்றெல்லாம் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லியிருந்ததால் அந்தக் கேள்வி இல்லை. ஏழாவது கேள்வி, வீட்டுக்காரர் பெயர். எட்டாவது, அவரோடு எத்தனை வருடமாக வாடகைத் தொடர்பு என்று நீட்டி எழுதியிருந்ததை, சுருக்கமாக இருக்கட்டும் என்று 'எத்தனை வருடம்?' என்று வெட்டினார். அங்கேதான் சனியன் பிடித்தது.

நூற்று நாற்பது பேர் போட்டார்கள். அதில் லாண்டரியில் இஸ்திரி போடும் ஓர் அம்மாவின் தாளும் இருந்தது. ஏழுக்கு ஓர் ஆண் பெயர். எத்தனை வருடம்? 'பதினொன்று.' வீட்டை விட்டுப் போகச் சொன்னாரா? 'ஒரு நாளும் சொன்னதில்லை.' அவரால் தொந்தரவு உண்டா? 'தங்கமானவர்.'

"கொடுத்துவச்ச பொம்பள" என்றார் நர்ஸம்மா. "இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பாரு? இவங்களுக்கு எதுக்கு நம்ம வீடு?"

பாரம் அண்ணன் சிவப்பு மையால் 'வசதி உண்டு' என்று எழுதித் தள்ளி வைத்தார். இருபத்திரண்டு பேருக்கும் கடிதம் போய், பட்டியல் வாசலில் ஒட்டப்பட்ட மறுநாள் காலை அந்த அம்மா வந்து நின்றார்.

"அண்ணே, என் பேரு ஏன் இல்ல?"

"உங்களுக்குத்தான் நல்ல வீட்டுக்காரர் இருக்காரேம்மா. அதுகூட இல்லாதவங்களுக்குத்தானே முதல்ல குடுக்கணும்?"

"எங்கண்ணே இருக்காரு? அவரு போயி நாலு வருஷமாச்சு."

"அப்ப வாடகைய யார்கிட்ட குடுக்குறீங்க?"

"புருஷனுக்கு யாராச்சும் வாடகை குடுப்பாங்களாண்ணே?"

பாரம் அண்ணனுக்கு அப்படியே தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அட பாவி மனுஷா! தாலி கட்டினவரையும் வீட்டுக்காரர் என்றுதானே இவர் பெண்டாட்டியே அக்கம்பக்கத்தில் சொல்கிறார்? பதினாறு வருடம் ஊரார் பிழையைத் திருத்தியவருக்குத் தன் தாளில் இருந்தது கண்ணில் படவில்லை.

அந்த அம்மா படுத்துக்கொள்வது லாண்டரியில், அழுக்குமூட்டைகளுக்கு நடுவில். ஒன்பது வயது மகள் குழந்தைகள் இல்லத்தில். தனியறை இருந்தால்தான் பிள்ளையை அனுப்புவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாயும் மகளும் பார்த்துக்கொள்கிறார்கள்.

"இந்த லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேண்ணே" என்றார் அந்த அம்மா.

பாரம் அண்ணன் அவரை உட்காரவைத்துவிட்டு, தள்ளிவைத்த தாள்களையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் படித்தார். இதே மாதிரி புருஷன் பெயரை எழுதி வீட்டை இழந்தவர்கள் இன்னும் மூன்று பேர். ஆக நாலு. மாடியில் ஓர் அறைகூட மிச்சமில்லை. கொடுத்ததைப் பிடுங்கவும் முடியாது. நேரே நர்ஸம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். எஞ்சினியரும் அங்கே இருந்தார்.

"தப்பு என்னோடது. கீழ ஆபீஸ் ஒண்ணு, சாமான் அறை ஒண்ணு. கூடத்த நடுவுல தடுத்தா ரெண்டு. நாலு ஆச்சு."

"இடத்தக் குடுத்தா மடத்தப் பிடுங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்று எஞ்சினியர் எகிறினார். "நீங்க மடத்தையே தூக்கிக் குடுக்குறீங்களே!"

"டாக்டர் எங்க உட்காருவாரு?" என்றார் நர்ஸம்மா.

"மாடிப்படிக்குக் கீழ."

"நீங்க?"

"அவரு மடியில."

நர்ஸம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எஞ்சினியர் முனகிக்கொண்டே அளவு நாடாவை எடுத்தார்.

எட்டு வருடம் அந்த அறக்கட்டளை மாடிப்படிக்குக் கீழேதான் நடந்தது. எழுந்தால் தலை இடிக்கும். அலமாரி வைக்க வழியில்லை. தாள்களைக் கோணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே யார் இறங்குகிறார்கள் என்று செருப்புச் சத்தத்திலேயே பாரம் அண்ணன் சொல்லிவிடுவார். குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து படியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இப்போது ஏசி போட்ட ஆபீஸ். யார் வருகிறார்கள், போகிறார்கள் ஒன்றும் தெரிவதில்லை. "அந்த எட்டு வருஷம்தான்யா வாழ்க்கை" என்பார். அவருக்கு அது அவ்வளவு இனித்தது, என்ன செய்ய!

பழைய ஆபீஸ் அறைக்கு இஸ்திரி அம்மா வந்தார். லீவு விட்டதும் மகளும் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தாள். எதிரே படிக்கட்டு அடியில் உட்கார்ந்திருந்த பாரம் அண்ணனுக்கு எல்லாம் கேட்டது.

"லீவு முடிஞ்சு என்னைக்கும்மா திரும்பணும்?"

"திரும்ப வேண்டாம்டா கண்ணு. இது நம்ம வீடு."

பிள்ளை சரி என்று தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. காலையில் பெட்டியிலிருந்து ஓர் உடுப்பை எடுப்பாள்; துவைத்து உலர்ந்ததும் மடித்து உள்ளேயே வைத்துப் பூட்டுவாள். ஊர்த் துணியையெல்லாம் தேய்த்து அடுக்குகிற தாய், மகளின் துணிக்கு என்று ஒரு பலகை அடித்து வைத்திருந்தார். அது காலியாகவே கிடந்தது. லீவு முடிந்தது. பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். மழைக்காலமும் வந்து போயிற்று. "நம்பவே மாட்டேங்குறாண்ணே" என்று அந்த அம்மா படியில் உட்கார்ந்து அழும்போது பாரம் அண்ணன் தன் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரையில் ஏதோ இழுபடும் சத்தம். அவள்தான், பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். பதறி எழுந்தவருக்குத் தலை இடித்தது.

"மாமா, உங்களுக்குத்தான் அலமாரி இல்லையே. பாரமெல்லாம் இதுல வச்சுக்குங்க."

"உனக்கு வேண்டாமாம்மா?"

"எனக்கு எதுக்கு மாமா? நான்தான் எங்கயும் போகலயே."

அவர் குனிந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு துணிகூட இல்லை.