பாக்கியம் தட்டிப் பார்த்து வாங்கிய மூசை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பின்முற்றத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் வீட்டுக்காரரின் குரல் — "யாரும் கிட்ட வராதீங்க!"

இதைக் கேட்டுக் கிட்டப் போகாத மனைவி உலகத்தில் உண்டா? கரண்டியோடு ஓடினேன்.

முற்றத்தில் செங்கல் அடுக்கிக் கட்டிய உலை. அதற்குள் இருந்த மூசை மேலிருந்து கீழாகப் பிளந்து கிடந்தது. மூசை என்றால்? நகை ஆசாரி தங்கம் உருக்குவாரே ஒரு சின்ன மண்கிண்ணம்... அதற்கு இது பெரியண்ணன். பூந்தொட்டி அளவு இருக்கும். பாதி உருகிய பித்தளை கரிக்குள் ஒழுகி, வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. நல்லவேளை, யார் மேலும் ஒரு பொறிகூடப் படவில்லை.

உலைக்குச் சற்றுத் தள்ளி பாக்கியம் நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

பாக்கியம் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவள். தையல்காரி. கணவர் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். குடும்பம் ஓடுவது அவள் மெஷின் ஓடுவதால்தான். அதற்கு முந்தின மாதம்தான் குவீன்ஸ்டவுனில் புது ஃபிளாட் கிடைத்தது. சந்தோஷமாக லாரியில் சாமான் ஏற்றினார்கள். வளைவில் லாரி திரும்பியபோது மெஷின் சாய்ந்துவிட்டது. மிதிபலகையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் வார்ப்பிரும்புக் காது இரண்டு துண்டு!

உள்ளங்கை அளவு இரும்பு. அது இல்லாமல் மெஷின் வெறும் மேஜை.

கடையில் கேட்டால், "அந்த மாடல் வர்றதே இல்லம்மா" என்றார்கள். பட்டறையில் ஒட்டிக் கொடுத்தார்கள். மிதித்ததும் மறுபடி முறிந்தது. வீட்டிலோ ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதற்கான யூனிஃபார்ம் துணி வெட்டி மலைபோல் குவிந்திருக்கிறது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "இதென்னம்மா பெரிய விஷயம்? நானே பித்தளையில வார்த்துக் குடுத்துடறேன்."

அவர் ஹார்பரில் கிளார்க். ஆனால் கை சும்மா இருக்காது. அந்தக் கையில் பிழைத்த ரேடியோவும் உண்டு, உயிரை விட்ட கடிகாரமும் உண்டு. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் ஒரு மூசையைக் கண்டுபிடித்தார். கடைக்காரர் மலாயில் 'பாகூஸ் லா!', அருமையான சரக்கு என்று சொன்னாராம். போதாதா? உடைந்த குழாய்களை அதற்குள் திணித்து, நேராக நெருப்பில் வைத்துவிட்டார். அதன் பலன்தான் அந்தப் 'பட்'.

எனக்கு இந்த வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எங்களுடையது தகரக் கூரை. ஆனால் அடுத்த வரிசை முழுக்க அத்தாப்பு ஓலைக் கூரை. தீ என்றால் என்ன என்று, தெருத் தெருவாக எரிந்ததைப் பார்த்த இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டுமா? 'போதும், உலையைப் பிரியுங்கள்' என்று சொல்லத்தான் வந்தேன்.

பாக்கியம் முந்திக்கொண்டாள். "விடுங்கண்ணே. துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன். பிஸ்கட் ஃபேக்டரில ஆள் எடுக்கறாங்களாம்..."

"அப்ப உன் வீட்டுக்காரரைப் பகல்ல யாரு பாத்துக்குவா?" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

வாய் சில சமயம் நம்மைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. "இன்னொரு சட்டி வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நானா என்று இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நெருப்பு ஆறியதும் இவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார். "மழையில கிடந்த சட்டி... உள்ள ஈரம் இருந்திருக்கு. நெருப்புல வெச்சதும் ஈரம் ஆவியாகி முதல்லயே கீறல் விட்டிருக்கு. குழாயையும் ரொம்ப நெருக்கி அடைச்சிட்டேன். சூட்டுல பித்தளை பெருக்கும், இடம் வேணும்ல?"

பாக்கியம் ஒரு துண்டை வாங்கிப் பார்த்தாள். "புது மண்சட்டியவே கஞ்சி காய்ச்சிப் பழக்காம அடுப்புல ஏத்த மாட்டோமே அண்ணே. இதை மட்டும் அப்படியே வெச்சிட்டீங்களா?"

"அவசரம்மா" என்றார் இவர்.

நியாயம்தான். அவளுக்கு உதவவேண்டும் என்ற அவசரம். நல்ல எண்ணத்தில் படுகிற அவசரமும் சட்டியை உடைக்கத்தான் செய்கிறது, இல்லையா?

மறுநாள் சாயங்காலம் மூவரும் ஜாலான் புசாரில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். கறுப்பு மூசைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டவை. இவர் மேலே இருந்ததை எடுக்கப் போனார். பாக்கியம் கையைப் பிடித்துத் தடுக்காத குறை.

காசை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்று 'டொக்' என்றது. தள்ளி வைத்தாள். இன்னொன்றும் 'டொக்'. மூன்றாவது 'ணங்' என்று நின்று ஒலித்தது. உள்ளே கையை விட்டுத் தடவினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சமையலுக்கா?" என்று மலாயில் கேட்டார் கடை முதலாளி தவுக்கே.

"இல்ல, பித்தளை உருக்க" என்றாள், அவளும் மலாயில்.

"நீயா?"

"ஆமா. நான்தான்."

தவுக்கே சிரித்தார். சிரித்துக்கொண்டே, அவள் தள்ளி வைத்ததை அவரும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்ணே. நான் காய வெச்சுக் கொண்டாறேன்." செய்தித்தாளில் சுற்றிய மூசையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குவீன்ஸ்டவுன் பஸ் ஏறினாள்.

மழைக்காலம். வெயிலை எங்கே தேடுவது? சமையல் முடிந்ததும் கரியடுப்புக்குப் பக்கத்தில் மூசையை வைத்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள். அதற்கடுத்து அடுப்பின் விளிம்பில் கவிழ்த்தாள். கடைசியாகச் சாம்பல் மூடிய கனலுக்குள்ளேயே வைத்தாள். திருப்பி வைக்கும் வேலை கணவருடையது! கட்டிலைச் சமையலறை வாசல் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நீளக் குச்சியோடு படுத்திருந்தாராம். நான் பார்க்கப் போனபோது, "அக்கா, ஒரு பக்கம் ஆறிட்டா கீறல் விடும். அதான் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். விழுந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதர்!

அடுத்த ஞாயிறு. அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, உலையைச் சுற்றி மணல் வாளிகள் வைத்தேன். கூரைகளின் மேல் எனக்கு ஒரு கண். முறிந்த காதின் இரண்டு துண்டையும் அரக்கு வைத்து ஒட்டி, மணலில் அழுத்தி அச்சு எடுத்தாயிற்று. இந்த முறை வெறும் மூசையை முதலில் மெல்ல மெல்லச் சூடாக்கினார் இவர். அது செந்நிறமானதும் வெங்காரப் பொடியைத் தூவினார். அது உருகி, உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சாகப் படிந்தது. பிறகு பித்தளையைச் சின்னச் சின்னத் துண்டாக, இடம் விட்டுப் போட்டார்.

பாக்கியம் ஊதுகாற்றுச் சக்கரத்தைச் சுற்றினாள். வியர்வை வழிந்தது. நிறுத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும்!"

குறடால் தூக்கி ஊற்றினார். ஆரஞ்சுச் சாறுபோல் இறங்கியது. மூசை முழுசாக நின்றது.

ஆறியபின் மணலை உடைத்தோம். மஞ்சளாக ஒரு காது! ஓர் ஓரத்தில் அம்மைத் தழும்புபோல் குழி. "அது ஒண்ணும் பண்ணாது" என்று இவர் அரத்தை எடுத்தார். மாலைக்குள் குவீன்ஸ்டவுனில் மெஷினுக்கு அடியில் படுத்து அதைப் பொருத்திவிட்டார்.

பாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிதிபலகையில் காலை வைத்தவள், உடனே மிதிக்கவில்லை. பிறகு மிதித்தாள். டக டக டக டக...

"ஓடுதா?" கட்டிலிலிருந்து கணவர்.

"ஓடுதுங்க!" அப்போதுதான் அழுதாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று, மடிப்புக் கலையாத நீலச் சட்டைகள் பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நின்றதைப் பார்த்தேன். ஒரு துணிகூடத் திரும்பிப் போகவில்லை.

போன வாரம் பாக்கியம் வந்தாள். பையைக் கவிழ்த்தாள். உடைந்த இரும்புகள்! "இது கீழ் மாடி மீனாட்சியோடது. இது எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவோட மெஷின் சக்கரம், அலுமினியத்துல வேணுமாம். ஒரு சட்டியில ரெண்டு உலோகம் கலக்கக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? அதான் இன்னொரு சட்டி வாங்கி, காயவும் வெச்சுக் கொண்டாந்துட்டேன். எப்ப ஆரம்பிக்கலாம்?"

என் வீட்டுக்காரர் திங்கள் முதல் சனி வரை ஹார்பரில் கிளார்க். ஞாயிறு மட்டும் பாக்கியத்திடம் வேலை — பதவி உயர்வு இங்கேதான் முதலில் வரும் போலிருக்கிறது!