பழசை மட்டும் அழிக்கச் சொன்னாள்

என் மனைவி உப்பளத் தொழிலாளர் சங்க ஆபீசில் டைப்பிஸ்ட். நான் முப்பது வருஷமாக சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. "மழைக்கால நிவாரண விண்ணப்பத்துல ஆளாளுக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'பழசு'ன்னு இன்னொண்ணு கெடக்குது. அதை மட்டும் அழிச்சுக் குடுங்க" என்றாள். கையால் அழித்தால் ஒரு மணி நேர வேலை. நானாவது, கையால் அழிப்பதாவது! போன வருஷம் எழுதிய புரோகிராமை எடுத்து ஓட்டினேன்.

பாதியிலேயே செத்து விழுந்தது. காரணம், மனைவி இந்த வருஷம் வைத்திருந்த ஃபோல்டர் பெயர்கள். எங்கள் பக்கம் ஒரே பெயரில் ஏழெட்டுப் பெண்கள் உப்பு வாருகிறார்கள். அதனால் பெயர், புருஷன் பெயர், தெரு, வீட்டு அடையாளம் வரைக்கும் எழுதியிருந்தாள். அதுவும் தமிழில். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று, கொம்புக்கும் புள்ளிக்கும் தனியாக மூன்று. எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்று காட்டும் பாதையை எழுத நான் ஒதுக்கியதோ மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு பைட்.

புரோகிராமில் பாதையை அளவு பார்க்காமல் எழுதித் தள்ளும் ஃபங்ஷன் என்ற கட்டளையைத் தூக்கிவிட்டு, இடம் தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளும் ஃபங்ஷனைப் போட்டேன். "இனிமே ஒரு பைட் வழியாது, பாரு" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். புரோகிராம் முனகாமல் ஓடி முடிந்தது.

மறுநாள்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்கு மனைவியின் போன். "ஏங்க, ஒருத்தியோட ஃபோல்டரே காணோமே!"

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் ஃபோல்டர் பாதை, அளந்து வைத்தாற்போல், 'பழசு' என்ற சொல்லுக்கு முன்பே இடத்தைத் தின்று தீர்த்திருந்தது. ஃபங்ஷனும் சமர்த்தாக அங்கேயே நிறுத்திக்கொண்டது. மிஞ்சியது அவளுடைய மொத்த ஃபோல்டரின் பாதை. அதை அழித்துவிட்டேன். ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் இந்த மழைக்கு அவளுக்கு நிவாரணம் கிடையாது.

பைக்கில் உப்பளத்துக்குப் பறந்தேன். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. நடந்ததை நான் சொல்ல, உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "உன் பேரு ரொம்ப நீளம்மா, இடம் பத்தல" என்று பழியை அவள் தலையில் போட்டுப் பார்த்தேன்.

"பத்தலன்னா பத்தலன்னு சொல்லணும் சார். நீங்களா வெட்டிக்குவீங்களா? போன வருசம் பேரைச் சுருக்கிப் போட்டு, வேற ஒருத்தின்னு என்னைத் தள்ளிட்டாங்க. நான்தான் ஆபீசுல டைப் அடிக்கிற அக்காகிட்ட சண்டை போட்டு எல்லாருக்கும் முழுசா எழுத வெச்சேன்."

அந்த ஃபங்ஷன் சொல்லித்தான் இருந்தது. எத்தனை பைட் தேவை என்று ஒவ்வொரு தடவையும் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். அதை வாங்கிப் பார்க்கும் ஒரே ஒரு வரியை எழுதாத மகாராஜன் நான். வெட்கமாகப் போய்விட்டது.

கால் உப்பைக்கூடக் கழுவாமல் பைக்கில் ஏறினாள். அவள் வீட்டுக்குப் போய் ரேஷன் கார்டையும் மற்ற காகிதங்களையும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து மறுபடி ஸ்கேன் செய்தோம். நாலு ஐம்பதுக்கு விண்ணப்பம் போனது. பிரிண்டரிலிருந்து வந்த ரசீதை மனைவி நீட்ட, அந்தப் பெண் வாங்கி என் கையில் திணித்தாள்.

"எம்பேரை முழுசா படிங்க சார்."

படித்தேன். பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"ம், இன்னும் இருக்குது" என்றாள்.