வாகைகுளத்தில் இறங்காத விமானம்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள், காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். விமானம் இறங்கும் வாகைகுளத்துக்குப் பக்கத்து ஊர்தான் அது.

அடுத்த இருக்கையில் காயல்பட்டினத்துக்காரர் ஜமால். துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை. முந்தின நாள் அவருடைய தாயார் இறந்துவிட்டார். செய்தி வந்ததும் புறப்பட்டு, சென்னையில் விமானம் மாறியிருந்தார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அதுவரை இவருக்காக உடலை வைத்திருந்தார்கள்.

"ஒரு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன் அண்ணாச்சி. முகத்தைப் பாத்துருவேன்" என்றார்.

பதினொன்றரைக்கு ஜன்னலில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. விமானம் இரண்டு முறை தாழ இறங்கியது; இரண்டு முறையும் மேலேறிவிட்டது. பிறகு மதுரைக்குப் போவதாக அறிவித்தார்கள். ஜமால் முன்னிருக்கையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மதுரையில், வானம் தெளிந்ததும் மறுபடி கிளம்பலாம் என்றார்கள். எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெளியே ஒரு வாடகைக் கார், காயல்பட்டினம் வரை ஆறாயிரம் ரூபாய் கேட்டது. இருவரும் ஏறிக்கொண்டோம். சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர்.

அருப்புக்கோட்டை தாண்டியதும் மழை வலுத்தது. எட்டயபுரத்துக்கு முன்னால் சாலைக்கு மேல் தண்ணீர் ஓடியது. லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நின்றோம். அங்கேதான் ஜமாலின் அண்ணன் போனில் கூப்பிட்டார். பள்ளிவாசலில் பேசி, அடக்கத்தை அந்தி மஃரிப் தொழுகை வரை தள்ளிவைக்கலாம் என்றார். ஆனால் தோண்டிய கபர்க் குழியில் தண்ணீர் ஊறுகிறது, இறைக்க இறைக்க நிரம்புகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஜமால் முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே, ஊர் வழக்கில் அண்ணனைக் 'காக்கா' என்று அழைத்துச் சொன்னார்.

"எனக்காக வைக்காதிய காக்கா. அஸர் தொழுததும் எடுத்துருங்க. உம்மாவ தண்ணிக்குள்ள வச்சிராதிய."

அண்ணன் அழுவது எனக்கே கேட்டது. ஜமாலின் அக்காள் போனை வாங்கி, வீடியோவில் முகத்தைக் காட்டட்டுமா என்று கேட்டார். போனில் பார்க்க வேண்டாம் என்று சொல்லி ஜமால் போனை அணைத்தார். அதன்பின் அவர் ஓட்டுநரை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

தூத்துக்குடிக்குள் நுழையும்போது அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. நான் அங்கேயே இறங்கியிருக்கலாம். அவரைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. முள்ளக்காட்டைத் தாண்டியதும் இருபுறமும் மூழ்கிய உப்பளங்கள். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. முக்காணிப் பாலத்துக்கு அடியில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

காயல்பட்டினத்தில் அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். கபரின் அருகே அண்ணன் மட்டும் குடையோடு நின்றார். அரைமணி நேரம்தான் பிந்தியிருந்தோம். தம்பியைக் கண்டதும் அவர் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"தலமாட்டுல மூணு பிடி மண்ணுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன், தம்பி. நீ போடு" என்றார்.

ஜமால் குனிந்து மண்ணை அள்ளினார். இரண்டு பிடி விழுந்தது. மூன்றாவது பிடி ஈரத்தில் விரல்களோடு ஒட்டிக்கொண்டது. அதை அவர் உதறவில்லை. உள்ளங்கையை அப்படியே மேட்டின் மேல் வைத்து, மழையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.