உள்தாழ்ப்பாள் இல்லாத பங்களா

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவன், கட்டடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். பக்கத்தில் ஒரு ஜட்கா. நனைந்த குதிரையின் வாடை மூக்கில் ஏறியதும், யுத்த காலத்தில் திண்டிவனத்தில் நான் குடித்தனம் செய்த 'பங்களா' ஞாபகம் வந்துவிட்டது.

பங்களா என்று சொன்னவர் வீட்டுக்காரர். உண்மையில் அது, விக்டோரியா ராணி காலத்தில் ஏதோ ஒரு துரை கட்டிய குதிரை லாயம். சாரட்டு நிறுத்தும் கொட்டகை, பெரிய வளைவு வாசலோடு காற்றோட்டமாக இருந்தது. அதை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டார். லாயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு குதிரை நின்ற இடத்துக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் கணக்கு எழுதிய எனக்குக் கடைசி அறை.

சுவரில் குதிரை கட்டும் வளையம். மூலையில் தீனித் தொட்டி. அதில்தான் எங்கள் அரிசி. மூத்திரம் வழிவதற்காகத் தரை நடுக் கால்வாயைப் பார்த்துச் சரிந்திருக்கும். தட்டில் ரசம் எப்போதும் ஒரு பக்கமாகவே ஓடும். ஒவ்வொரு வாசல் மேலும் இங்கிலீஷில் குதிரையின் பேர். என் அறை டியூக். அடுத்த அறை பெஸ்ஸி. அங்கே குடியிருந்தவரை வீட்டுக்காரர் "பெஸ்ஸி வாத்தியாரு" என்றே கூப்பிடுவார். அது பெட்டைக் குதிரையின் பேர் என்று வாத்தியாருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கதவு இரண்டு துண்டு. மேல்பாதி குதிரை தலை நீட்டுவதற்கு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். வீட்டுக்காரர் தினமும் காலையில் தடியோடு வந்து, மேல்கதவுகளை வரிசையாகத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே போவார். சுவர் ஈரம் பிடிக்கிறதா என்று பார்க்கிறாராம்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த என் மனைவி சொன்னாள்: "இன்னாங்க, ஒரு பொடவ மாத்த முடியல. உள்ள தாப்பா போட்டுத் தரச் சொல்லுங்க. இல்லன்னா கிளியனூருக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன். வந்து கூப்புடாதீங்க."

சில நாள் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தொர போடாத தாப்பாள நான் போடறதா? கட்டடத்து அழகு இன்னா ஆவறது?" என்றார் வீட்டுக்காரர்.

அவள் மேல்கதவை உள்ளிருந்து கயிற்றால் இழுத்து, குதிரை வளையத்தில் கட்டிவிட்டாள். காலையில் அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. தடியால் தட்டினார்.

"யோவ் டியூக்கு, கதவத் தொறய்யா."

நான் எழுவதற்குள் அவள் கயிற்றை அவிழ்த்துத் திறந்தாள்.

"வாங்கய்யா. கொள்ளு எடுத்துக்கினு வந்தீங்களா, வெறும் புல்லுதானா?"

பக்கத்து அறையில் வாத்தியார் இருமுவதுபோலச் சிரித்தார். வீட்டுக்காரர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உம் பொண்டாட்டிய அடக்கி வையி."

"உள்ள தாப்பா போட்டா செரியாப் பூடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது அங்கே ஒரு ரைஸ் மில் ஓடுகிறது. லாயமும் வளைவும் குதிரைப் பேர்களும் போய்விட்டன. அருமையான கட்டடம் போயிற்றே என்று ஊரில் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் அதில் குடியிருந்ததில்லை.

அந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலை, வீட்டுக்காரர் தச்சனைக் கூட்டிவந்து எங்கள் மேல்கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் நானும் அவளும் கிளியனூர் பஸ்ஸில் ஏறினோம்.